ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்குக் கேரியர் கவுன்சிலிங்?

‘கவுன்சிலிங்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் பெற்றோரில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுதான்: கட்-ஆஃப், ரேங்க், எந்தக் கல்லூரி கிடைக்கும் என்ற கவலை. இன்னும் சிலருக்கு அது மனநல ஆலோசனை. ‘என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?’ என்று முகம் மாறிவிடும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கான தொழில் வழிகாட்டல் இந்த இரண்டிலும் சேராது. அது எதற்கு, யார் செய்வது, செய்யாவிட்டால் என்ன நட்டம் என்பதை வடசென்னையை வைத்துப் பார்ப்போம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல், உள்ளூர்த் தச்சர், குயவர் போன்றோரிடம் பிள்ளைகள் பழகலாம் என்பது அதன் யோசனை. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. தனக்கென ஒரு கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்டது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பள்ளிப் பிரிவு, உயர்கல்வி வழிகாட்டலை ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் பேசுகிறது.

ஆகவே ஒரே தெருவில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளிப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் ஏதோ ஒன்று நடக்கிறது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்து வேறொன்று நடக்கிறது. நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் தனியார் கடை விரிக்கிறார்கள்: ‘திறன் கண்டறியும் டெஸ்ட்’, ‘ஆறாவதிலிருந்தே ஐஐடி ஃபவுண்டேஷன்’. காசு கட்டிய பெற்றோருக்கு ஒரு ரிப்போர்ட் கையில் வருகிறது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை.

இந்த வயதில் மனசு என்ன செய்கிறது?

அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாடு இங்கே உதவும். பிள்ளைகள் வேலைகளைத் ‘தேர்ந்தெடுப்பதற்கு’ வெகு காலம் முன்பே சில வேலைகளைப் பட்டியலிலிருந்து ‘அடித்துவிட’த் தொடங்குகிறார்கள் என்பது அதன் சாரம். 6 முதல் 8 வயதில் ‘இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை’ என்று ஒரு கோடு விழுகிறது. 9 முதல் 13 வயதில் அடுத்த கோடு: எந்த வேலைக்கு மதிப்பு, எது நமக்கு எட்டாதது, எது நமக்குக் கேவலம். தனக்கு எது பிடிக்கும், எது வரும் என்ற யோசனை 14-க்கு மேல்தான் வலுக்கிறது. அதற்குள் பட்டியலில் பாதி காணாமல் போயிருக்கும்.

நடுநிலை வகுப்பு என்பது துல்லியமாக அந்த இரண்டாவது கோடு விழும் காலம். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘போலீஸ், டாக்டர், டீச்சர்’ என்று மூன்றே பதில் வரும். மீதி எல்லாம் ‘அதெல்லாம் நமக்கு வராது சார்’. வடசென்னை என்றாலே அரிவாளையும் குப்பை மேட்டையும் மட்டும் காட்டிப் பழகிய சினிமாவுக்கும் இந்த ‘நமக்கு வராது’வில் பங்கு உண்டு.

அதனால் இந்த வயதுக்கான வழிகாட்டலின் வேலை, ‘நீ என்ன ஆகப் போகிறாய்?’ என்பதற்கு விடை வாங்குவதாக இருக்க முடியாது. பன்னிரண்டு வயதில் பிள்ளை சொல்லும் விடை அடுத்த வருடம் மாறும்; மாறுவதுதான் ஆரோக்கியம். இங்கே செய்ய வேண்டியது, தெரியாமலே மூடிவிடும் கதவுகளைத் திறந்து வைத்திருப்பது. அந்தக் கதவுகளில் சில மனசில் இருக்கின்றன. சில அரசாணையில் இருக்கின்றன.

ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் தீர்மானமாகும் ஐந்து விஷயங்கள்

1. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் உதவி பெறும் பழைய பள்ளிகள் நிறைய. ‘அதுவும் கவர்மெண்ட் மாதிரிதானே’ என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உதவி பெறும் பள்ளி மோசம் என்று பொருளில்லை. சேர்க்கும்போதே இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்ட 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு.

2. மாதம் 1,000 ரூபாய். உயர்கல்வியில் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024). இரண்டுக்கும் அடிப்படை அதே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான அரசுப் பள்ளிப் படிப்பு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. அதே உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இல்லை. 7.5-க்கு ஒரு விதி, இதற்கு ஒரு விதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

3. தமிழ் வழி. அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010-இல் வந்த சட்டம். 2020-இல் அது இறுக்கப்பட்டது: பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. முதல் வகுப்பிலிருந்தே சான்றிதழ் கேட்கிறது. ஆறாம் வகுப்பில் அதே பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்றும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. ஆங்கில வழியில் வேறு நன்மைகள் இருக்கலாம். ஆனால் பாதி வழியில் மாறினால் இந்த ஒதுக்கீடு போய்விடும்.

4. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு வாய்ப்பு. என்.எம்.எம்.எஸ். எனும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. அரசு, உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவர்கள் எழுதலாம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, தலா 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். பலர் கவனிக்காத ஒன்று: விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50). ‘எட்டு வரைக்கும்தான் ஆல் பாஸ் ஆச்சே’ என்று ஏழாவதை விட்டுவிட்டால் தேர்வெழுதவே முடியாது.

5. வயது கடந்தால் திரும்பாதவை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில்தான் சேர்க்கை. வடசென்னையில் கால்பந்தும் குத்துச்சண்டையும் தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள். விடுதித் தேர்வு எப்போது என்று தெரிந்தவர்கள் குறைவு. டேராடூன் ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்புச் சேர்க்கைக்கு வயது பதினொன்றரை முதல் பதின்மூன்றுக்குள். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று காதில் விழும். அது கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

ஆறாவது கதவு: கணக்கு

இது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஐந்தையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஆறு, ஏழில் வரும் பின்னம், விகிதம், சதவீதம், குறை எண் ஆகிய நான்கும் பிடிபடாத பிள்ளை, ஒன்பதாவது இயற்கணிதத்தில் வழுக்கி, பதினொன்றில் ‘கணக்கு இல்லாத குரூப்’ தேடும். அப்போது ‘அவளுக்கு ஆர்ட்ஸ்தான் பிடிக்கும்’ என்று நாம் அதற்கு விருப்பம் என்று பெயர் வைப்போம்.

இந்தக் கணக்கு இன்ஜினியருக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டு. ஒரு செவிலியர் குழந்தைக்கு 250 மில்லிகிராம் மருந்து கொடுக்க வேண்டும். பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. எத்தனை மில்லி? 10. ஏழாம் வகுப்பு விகிதம், அவ்வளவே. ஃபிட்டர் வெர்னியர் காலிப்பரில் 24.36 மில்லிமீட்டர் என்று படித்து, வரைபடத்தில் 24.40 என்று இருந்தால் எவ்வளவு குறைகிறது, அது தாங்குமா என்று சொல்ல வேண்டும். தசம எண் தகராறு இருந்தால் ஐடிஐ முதல் மாதத்திலேயே கை கட்டிவிடும்.

ஆகவே ஒரு பள்ளியில் வழிகாட்டலுக்கு வருடத்தில் 20 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், அதில் 10 மணி நேரத்தைப் பின்னத்துக்கும் விகிதத்துக்கும் கொடுத்தாலும் தவறில்லை. அரசுப் பள்ளிகளில் நடக்கும் வானவில் மன்ற அறிவியல், கணக்குச் செய்முறைகளோடு இதை எளிதாக இணைக்கலாம்.

இது குலக்கல்வி ஆகிவிடாதா?

நியாயமான பயம். 1953-இல் ராஜாஜி ஆட்சியில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வைத்தது. குலக்கல்வி என்ற எதிர்ப்பு எழுந்து, 1954-இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. பதினோரு வயதில் ‘உள்ளூர்த் தொழில் அறிமுகம்’ என்றால் தமிழ்நாடு உடனே புருவம் உயர்த்துவது இந்த அனுபவத்தால்தான்.

அந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்க ஒரு நடைமுறை விதி போதும்: எந்தப் பிள்ளையையும் அவன் வீட்டுத் தொழிலைப் பார்க்க முதலில் அனுப்பாதீர்கள். மீனவர் பிள்ளை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகட்டும். ரயில்வே ஊழியர் பிள்ளை காசிமேட்டு ஏலத்தைப் பார்க்கட்டும். அடுத்தது, பார்ப்பது வேறு, செய்வது வேறு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்குதான் அதில் உள்ள ஓட்டை. பட்டறைக்கு ‘அறிமுகத்துக்கு’ப் போன பையன் மறு வாரம் அங்கே ஹெல்பராக நின்றால் அதற்கு வழிகாட்டல் என்று பெயரில்லை.

வகுப்பறையில் செய்வது எப்படி?

தனி ஆலோசகர் தேவையில்லை. ஒரு ஆசிரியர், இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை, பிள்ளைக்கு ஒரு 80 பக்க நோட்டு.

ஆறாம் வகுப்பு: ‘ஒரு இடம், பத்து வேலை’. பிள்ளை தினமும் கடந்து போகும் இடத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடக்கும் வேலைகளை எழுத வேண்டும். முதல் சுற்றில் நாலைந்துக்கு மேல் வராது. அதுதான் தொடக்கம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்றால் ‘மீன் பிடிக்கிறவர், விக்கிறவங்க’ என்று நிற்கும். கிளறினால் வரும்: படகு ஓட்டுபவர், இன்ஜின் மெக்கானிக், வலை பின்னுபவர், ஐஸ் கம்பெனி ஆள், ஏலம் விடுபவர், படகு கட்டுபவர், வயர்லெஸ் கருவி பழுது பார்ப்பவர், ஏற்றுமதிக் கூடத்தில் தரம் பார்ப்பவர், மீன்வளத் துறை அலுவலர். ஒவ்வொன்றுக்கும் படிப்பு எங்கே என்று கேட்டால் வேறு ஒரு வரைபடம் விரியும். ராயபுரத்திலேயே சிஃப்நெட் எனும் மத்திய நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இருக்கிறது. கப்பல் செலுத்துநர், கடல்சார் ஃபிட்டர் என இரண்டு வருடப் படிப்புகள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு. கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து காசிமேடு வரை கரையோரக் குப்பங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பெயர்கூடக் கேள்விப்படாத வீடுகள் உண்டு.

ஸ்டான்லியை எடுத்தால் டாக்டர், நர்ஸ் என்ற இரண்டோடு நிற்கும். ரத்தம் பரிசோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மயக்க மருந்து டெக்னீஷியன், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், மருத்துவப் பதிவேடு பார்ப்பவர் என்று அது பத்தைத் தாண்டும். இவற்றில் பலவற்றுக்கு நீட் வேண்டியதில்லை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கே புதிய செய்தி. பெரம்பூர் ஐ.சி.எஃப்., மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் துறைமுகம், பாரிமுனையின் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்கள் என்று வடசென்னைக்கு இடப் பஞ்சமே இல்லை.

ஏழாம் வகுப்பு: ஒரு மனிதர், ஏழு கேள்வி. வேலை செய்பவர் ஒருவரைப் பிள்ளை பேட்டி எடுக்க வேண்டும்.

1. இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?
2. என்ன படிச்சீங்க, எங்க பழகினீங்க?
3. காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?
4. சாயங்காலம் உடம்புல எங்க வலிக்கும்?
5. வருஷத்துல எந்த மாசம் வருமானம் இருக்காது?
6. உங்களுக்கு மேல யாரு, அவங்க என்ன படிச்சிருக்காங்க?
7. திரும்ப எட்டாவது படிச்சா என்ன மாத்துவீங்க?

நான்காவதும் ஐந்தாவதும் தான் பாடப்புத்தகம் சொல்லாதவை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் வீடு எப்படி ஓடியது என்று ஒரு விசைப்படகுத் தொழிலாளி சொல்வதைக் கேட்ட பிள்ளைக்கு ‘மாதச் சம்பளம்’ என்ற சொல்லின் எடை புரியும்.

எட்டாம் வகுப்பு: வழி வரைபடமும் காகிதமும். பத்தாவதுக்குப் பிறகு மூன்று பாதை: பதினொன்று, பாலிடெக்னிக், ஐடிஐ. பாலிடெக்னிக் மூன்று வருடம், முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ‘ஐடிஐ போனா அத்தோட முடிஞ்சது’ என்பது தவறான எண்ணம். காகிதத்தில் பார்க்க வேண்டியது: எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) பதிவு, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. ஒன்றில் ‘எஸ். கார்த்திக்’, இன்னொன்றில் ‘கார்த்திக் செல்வம்’ என்று இருந்தால் உதவித்தொகை வங்கிக்கு வராமல் தொங்கும். பதினேழு வயதில் கலந்தாய்வு வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நிற்பதைவிட, பதின்மூன்றில் நிதானமாகத் திருத்துவது சுலபம்.

எங்கே சொதப்புகிறது?

மேடைக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரியையும் டாக்டரையும் மட்டும் அழைப்பது முதல் தவறு. பிள்ளைகள் கைதட்டுவார்கள், ‘நமக்கு வராது’ பட்டியல் இன்னும் நீளும். அதே பள்ளியில் படித்து இப்போது லேப் டெக்னீஷியனாகவோ மெட்ரோவில் ஸ்டேஷன் கன்ட்ரோலராகவோ இருக்கும் 25 வயதுப் பெண் ஒருத்தி அரை மணி நேரம் பேசினால் பலன் அதிகம்.

அடுத்தது டெஸ்ட். ஆர்வப் பரிசோதனைகள் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் 12 வயதில் ஆர்வம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும், கல்லூரி வயதில்தான் ஓரளவு நிலைக்கும். தவிர, ‘தோட்டத்தில் வேலை செய்யப் பிடிக்குமா?’ என்ற கேள்விக்கு, கொடுங்கையூரில் மாடி வீட்டு ஒற்றை அறையில் வளரும் பிள்ளை என்ன பதில் சொல்லும்? பார்க்காததைப் பிடிக்குமா என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். முடிவுத்தாளில் அது ‘ஆர்வமில்லை’ என்று அச்சாகும். விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளைத் திறன் சொல்கிறோம் என்பவர்களைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. ரேகைக்கும் படிப்புத் திறனுக்கும் முடிச்சுப் போட அறிவியல் ஆதாரம் கிடையாது. கிளி ஜோசியத்துக்குச் செலவாவது குறைவு.

பெண் பிள்ளைகளுக்குத் தையலும் அழகுக்கலையும், பையன்களுக்கு ஏசி மெக்கானிக்கும் என்று பிரித்து உட்கார வைப்பது இன்னொன்று. ‘ஒரு இடம், பத்து வேலை’யை இரு பாலரும் கலந்த குழுவில் செய்தால் இது பாதி குறையும்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

நகரில் பல மாநகராட்சிப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு முடிகின்றன. டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர வேண்டும். மே மாதம் ‘கடையில சும்மா நிக்கட்டும்’ என்று ஆரம்பித்தது ஜூனில் தொடரும். இடைநிற்றல் சத்தமில்லாமல் நடப்பது இந்த இடைவெளியில்தான். ஆகவே எட்டாம் வகுப்பு ஆசிரியரின் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கட்டம் இருக்க வேண்டும்: சேரப் போகும் பள்ளி எது, டி.சி. கொடுத்த தேதி, ஜூன் இரண்டாம் வாரம் அந்தப் பள்ளியில் எமிஸ் எண் ஏறிவிட்டதா. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் அந்த வாரமே வீட்டுக்குப் போக வேண்டும். ஜூலை ஆனால் பையன் சம்பளம் பார்த்துவிடுவான்.

என்.எம்.எம்.எஸ். கிடைத்த பிள்ளை தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும்; பத்தாவதில் 60 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55) எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும். இதையும் டி.சி. கொடுக்கும் அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடலாம்.

எல்லாம் செய்தும் பள்ளிக்குத் திரும்ப மாட்டேன் என்று நிற்கும் பிள்ளைக்கு, 14 வயது முடிந்திருந்தால், வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐடிஐ பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு இடம் உண்டு. இரண்டு வருடப் பிரிவை முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால் அது பத்தாம் வகுப்புக்கு இணையாகும். சேர்க்கை அறிவிப்பு கோடையில் வரும். வடசென்னை அரசு ஐடிஐ உட்பட எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் ஆன்லைனில்தான்.